வீட்டிலேயே பாட்டுப் பதிய எந்த மென்பொருள்? சேலம், ஏற்காடு பகுதியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஒரே குரல், ஒரே மைக், ஒரே இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி). அதை ஐந்து மென்பொருள்களில் பதிந்தாலும் வருகிற ஒலி ஒன்றுதான். 'இதில் சத்தம் கனமாக வரும், அதில் மெலிந்துவிடும்' என்று சொல்வதில் பெரும்பகுதி லெவல் வேறுபாட்டால் வருவது. இடது, வலது ஸ்பீக்கர்களுக்கு நடுவில் வைத்த ட்ராக்கை ஒரு மென்பொருள் 3 டெசிபல் குறைத்து ஒலிக்கும், இன்னொன்று குறைக்காது. பேன் லா என்னும் அமைப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருப்பதுதான் காரணம். கொஞ்சம் உரக்கக் கேட்பது காதுக்கு நன்றாகத் தோன்றும்.

ஆகவே பாட்டைப் பதிந்து, வெட்டி ஒட்டிக் கலக்கும் மென்பொருளான டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷனை, சுருக்கமாக 'டா'வை, வேறு கேள்விகளை வைத்துத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் பதியும் இசைக்கு அது வளைந்து கொடுக்கிறதா? உங்கள் லேப்டாப்பில் திக்காமல் ஓடுகிறதா? இரண்டு வருடம் கழித்து இதே பாட்டைத் திறக்க முடியுமா? இந்த மூன்றுக்கும் விளம்பரத்தில் பதில் கிடைக்காது. ஒரு மாலை நேரம் ஒதுக்கிச் சோதித்தால் கிடைக்கும். அந்தச் சோதனையைக் கீழே விரிவாகக் கொடுத்திருக்கிறோம். அதற்கு முன் சில கணக்குகள்.

எத்தனை மைக், எந்த மாதிரி இசை

ஒருவர் பாட, பின்னால் சுருதி மட்டும் போதுமென்றால் 1 மைக். பாட்டும் மிருதங்கமும் சேர்ந்தால் 3: குரலுக்கு ஒன்று, வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. இரட்டை நாதஸ்வரமும் ஒரு தவிலும் என்றால் 4. இன்டர்ஃபேஸில் மைக் துளை இரண்டுதான் இருக்கிறதென்றால் எந்த மென்பொருளும் மூன்றாவதைத் தராது. 'ட்ராக் எண்ணிக்கைக்கு வரம்பில்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ட்ராக் என்பது பதிந்ததை அடுக்கி வைக்கும் வரிசை. இன்புட் என்பது ஒரே நேரத்தில் ஒலி உள்ளே வரும் வழி. இன்டர்ஃபேஸ் வாங்கும்போது எண்ண வேண்டியது இன்புட்டை. அதிலும் மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் உள்ள இன்புட்டை மட்டும்.

அடுத்து, உங்கள் பாட்டில் மைக்கில் வருவது அதிகமா, கீபோர்டிலும் மவுஸிலும் தட்டி உருவாக்குவது அதிகமா? கச்சேரி, பஜனை, கிறிஸ்தவப் பாடல், நாட்டுப்புறப் பாட்டு, கிட்டார் வைத்துப் பாடுவது எல்லாம் முதல் வகை. கானா பீட், ஹிப்ஹாப், குறும்படப் பின்னணி இசை இரண்டாம் வகை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் வகைக்காகப் பெயர் வாங்கிய மென்பொருளை நண்பர் சொன்னார் என்று முதல் வகைக்காரர் வாங்கிவிடுவார். அல்லது இதற்கு நேர்மாறாக நடக்கும்.

சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குப் போய் அங்குள்ள பாட்டுகளைப் பதிய நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த இடத்தில் உங்களுக்கு டாவே தேவையில்லை. பேட்டரியில் ஓடும் சிறிய கையடக்க ரெக்கார்டரோ, வேவ் (சுருக்கப்படாத ஒலிக் கோப்பு) வடிவில் பதியும் ஃபோன் செயலியோ போதும். லேப்டாப்பின் ஃபேன் சத்தமும் இருக்காது, மின்சாரம் போனாலும் கவலையில்லை. பாடுபவரிடம் பதியவும், பிறகு வெளியிடவும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். பாட்டு தொடங்கும் முன் அவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் மைக்கிலேயே சொல்லிப் பதிந்துவிடுங்கள். டா வேலை வீட்டுக்கு வந்த பிறகு.

கையில் இருக்கும் கம்ப்யூட்டர்

விண்டோஸ் லேப்டாப் என்றால் 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க். இதற்குக் கீழே போனால் பதிவு ஓடும், ஆனால் பிளக்-இன் (டாவுக்குள் சேர்க்கும் துணை மென்பொருள்) போட ஆரம்பித்ததும் படபடவென்று வெடிப்புச் சத்தம் வரும். ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் நூலகங்கள் ஏற்றப்போகிறவர்களுக்கு 16 ஜிபி. விண்டோஸில் இன்டர்ஃபேஸுக்கென்று தயாரிப்பாளர் தரும் ஏசியோ டிரைவரை அவசியம் நிறுவுங்கள். ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த இந்த முறை விண்டோஸின் சாதாரண ஒலிப் பாதையைச் சுற்றிக்கொண்டு நேராக டாவுக்குப் போகிறது. அதனால் பாடுவதற்கும் அது ஹெட்ஃபோனில் கேட்பதற்கும் இடையிலான தாமதம் குறைகிறது. மேக்கில் கோர் ஆடியோ கூடவே வருவதால் பெரும்பாலான இன்டர்ஃபேஸுக்குத் தனி டிரைவர் வேண்டாம்.

தாமதத்தின் கணக்கு எளியது. பஃபர் அளவை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கை) சாம்பிள் ரேட்டால் (ஒரு வினாடியில் ஒலியை அளக்கும் தடவை) வகுக்க வேண்டும். 48,000இல் 128 என்றால் 2.7 மில்லி வினாடி, 256 என்றால் 5.3, 1024 என்றால் 21.3. உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்து இதைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேல் ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் கன்வர்ட்டரின் தாமதம் கொஞ்சம். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி வினாடி எடுக்கும். அப்படியானால் 10 மில்லி வினாடித் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து மிருதங்கம் வாசிப்பவரைக் கேட்பது போல. மேடையில் பழகியவர்களுக்கு இது தடையில்லை. 20ஐத் தாண்டினால் பாடுபவர் தன் குரலுக்கே காத்திருந்து இழுக்க ஆரம்பிப்பார். பதியும்போது 128 அல்லது 256, பதிந்த ட்ராக்குகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது 1024 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் (மைக் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் போய்வராமல் நேரே ஹெட்ஃபோனுக்குத் தருவது) இருந்தால் அதைப் போட்டு, டாவுக்குள் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் தாமதம் பெரும்பாலும் நூறு மில்லி வினாடியைத் தாண்டும். பதிவுக்கு ஒயர் வைத்த, காதை மூடும் ஹெட்ஃபோன்தான்.

எந்த மென்பொருள் யாருக்கு

விண்டோஸ் லேப்டாப்பில் பாட்டும் வாத்தியமும் மைக் வைத்துப் பதிபவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை ரீப்பர். வின்ஆம்ப் செய்த ஜஸ்டின் ஃப்ராங்கெலின் காக்கோஸ் நிறுவனத் தயாரிப்பு. நிறுவும் கோப்பு மிகச் சிறியது, பழைய கம்ப்யூட்டரிலும் சிரமமில்லாமல் ஓடும். 60 நாள் எந்த வசதியும் குறையாமல் சோதிக்கலாம். அதன்பின் தனிநபர் உரிமம் 60 டாலர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ப்ராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பாக இருப்பதால் ஏதாவது கெட்டுப்போனாலும் நோட்பேடில் திறந்து எந்த வேவ் எந்த நொடியில் இருந்தது என்று படித்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால், பாட்டு உருவாக்கத் தேவையான வாத்திய ஒலிகளும் லூப்புகளும் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுகள்) இதில் கிட்டத்தட்ட இல்லை. அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மெனுக்களும் அளவுக்கு மேல் நீளம். முதல் வாரம் தலை சுற்றும்.

பீட் செய்பவர்களுக்கு எஃப்எல் ஸ்டுடியோ. 1997இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் வெளியிட்டது. கட்டங்களில் தட்டலை நிரப்பும் ஸ்டெப் சீக்வென்சரும், ஸ்வரங்களை வரைந்து வைக்கும் பியானோ ரோலும் இதில் கைக்கு வருவதுபோல வேறெதிலும் வருவதில்லை. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் அப்டேட் இலவசம். சோதனைப் பதிப்பில் ஒரு பொறி இருக்கிறது: ப்ராஜெக்டைச் சேமிக்கலாம், ஆனால் சேமித்ததை மறுபடி திறக்க உரிமம் வாங்க வேண்டும். சோதனையில் செய்வதை அன்றே வேவாக எடுத்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரக் கச்சேரியை நான்கு மைக்கில் பதிந்து வெட்டி ஒட்டும் வேலைக்கு இது கைக்கு இசைவான கருவியல்ல.

மேக் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் கராஜ்பேண்டில் தொடங்கலாம், இலவசம். பிறகு லாஜிக் ப்ரோவுக்குப் போனால் கராஜ்பேண்ட் ப்ராஜெக்ட் அப்படியே திறக்கும். ஐஃபோன் கராஜ்பேண்டில் மட்டும் ஒரு தடை: தாள அளவு 4/4, 3/4, 6/8 மூன்றுதான். மிஸ்ர சாபுவுக்கும் கண்ட சாபுவுக்கும் வழியில்லை. மெட்ரோனோமை அணைத்துவிட்டு, தாளத்தைத் தனியாக ஒரு ட்ராக்கில் தட்டிப் பதிந்து அதன்மேல் பாட வேண்டும்.

ஆடாசிட்டி இலவசம், பேச்சு, பாட்காஸ்ட், கேசட்டிலிருந்து மாற்றிய பழைய பதிவைச் சுத்தம் செய்வது ஆகியவற்றுக்கு மிக நல்லது. ட்ராக்மேல் ட்ராக்காகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்தால் சிரமப்படுத்தும். மிடி கீபோர்டு (ஒலியை அல்லாமல் எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பதை அனுப்புவது) வாசித்துப் பதிய முடியாது. இரண்டாவது ட்ராக் முதல் ட்ராக்குக்குப் பின்தங்கி விழுந்தால் தாமதத் திருத்தத்தை நீங்களே அளந்து எண்ணாகக் கொடுக்க வேண்டும்.

பேண்ட்லேப் பிரவுசரிலும் ஃபோனிலும் இயங்கும் இலவசச் சேவை. ஊர் ஊராக இருக்கும் நண்பர்கள் சேர்ந்து பாட்டுக் கட்ட வசதி. ஏற்காட்டுக்கு மேலே சிக்னல் வந்து வந்து போகும் கிராமங்களில் இதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோ இலவசம், ஆடியோ ட்ராக் 8 மட்டும். சவுண்ட் இன்ஜினியராக வேலைக்குப் போகப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். சினிமா ஸ்டுடியோக்களில் அன்றாடம் ஓடுவது ப்ரோ டூல்ஸ். வீட்டில் பாட்டுப் பதிய மட்டும் நினைப்பவர்களுக்கு அவசியமில்லை.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது கியூபேஸ் அல்லது ஏபிள்டன் லைவின் சிறிய பதிப்பு ஒன்று கூடவே வரலாம். பெட்டிக்குள் இருக்கும் தாளைத் தூக்கி எறியாதீர்கள், அதில் பதிவு எண் இருக்கும். கியூபேஸ் நல்ல மென்பொருள், கையில் கிடைத்தால் சோதனைப் பட்டியலில் சேருங்கள். ஏபிள்டன் மேடையில் லூப் ஓட்டுபவர்களுக்கானது.

உடைத்த பதிப்பு, கிராக், எதுவும் வேண்டாம். இலவசமாகவும் குறைந்த விலையிலும் இத்தனை இருக்கும்போது, வைரஸ் ஏறும் கம்ப்யூட்டரில் ஒரு வருட உழைப்பை வைப்பது நியாயமில்லை. விண்டோஸை மறுபடி நிறுவும்போது உடைத்த பிளக்-இன் திறக்காது, அதோடு அந்தப் பாட்டின் மிக்ஸும் போய்விடும்.

ஒரு மாலைச் சோதனை

உங்களுக்குப் பொருந்தும் இரண்டை மட்டும் எடுங்கள். மூன்று வேண்டாம், மூன்றாவது வருவதற்குள் சலித்துவிடும். இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரே வரிசை. ஒவ்வொரு படிக்கும் எத்தனை நிமிடம் ஆனது, எங்கே கை நின்றது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ரீப்பரில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

முதலில் பாட்டுக்கென்று ஒரு ஃபோல்டர். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். தமிழ் எழுத்துப் பெயருள்ள ஃபோல்டரைத் திறக்கத் திணறும் பழைய பிளக்-இன்கள் இன்னும் இருக்கின்றன. டாவைத் திறந்து ஆப்ஷன்ஸ், ப்ரிஃபரன்ஸஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் ஏசியோவைத் தேர்ந்தெடுத்து உங்கள் இன்டர்ஃபேஸின் பெயரைக் கொடுங்கள். பிறகு ஆல்ட் + என்டர் அழுத்தி ப்ராஜெக்ட் செட்டிங்கில் சாம்பிள் ரேட் 48,000. பதிவு 24 பிட்.

இந்த அளவில் ஒரு மைக் நிமிடத்துக்கு 8.64 எம்பி எடுக்கும். நான்கு மைக்கில் ஒன்றரை மணி நேரம் என்றால் ஏறக்குறைய 3.1 ஜிபி. டிஸ்க்கில் இதைப் போல மூன்று மடங்கு இடம் காலியாக இருக்கட்டும்.

அடுத்து சுருதி. ஃபோன் செயலியிலிருந்து இரண்டு நிமிடச் சுருதியை வேவாக எடுத்து முதல் ட்ராக்கில் போடுங்கள். கட்டையைக் குறித்து வையுங்கள்: 1 கட்டை சி, 2 டி, 4 எஃப், 5 ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். பழைய ஆர்மோனியத்தை வைத்துப் பாடுவதாக இருந்தால் அது 440 ஹெர்ட்ஸ் கணக்கில் இருக்கிறதா என்று ட்யூனர் செயலியில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் சேர்க்கும் கீபோர்டு எதுவும் ஒட்டாது.

க்ளிக்கை, அதாவது மெட்ரோனோம் தட்டலை, ஆதி தாளத்துக்கு வையுங்கள். 4/4இல் இரண்டு பார் ஒரு ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 72 வேகத்தில் 8 ஆவர்த்தனம் ஏறக்குறைய 53 வினாடி வரும். சோதனைக்கு இந்த நீளம் போதும்.

கன்ட்ரோல் + டி அழுத்திப் புது ட்ராக், சிவப்புப் பொத்தானை அழுத்தி ஆர்ம் செய்து (பதிவுக்குத் தயாராக்கி), மைக் எந்த இன்புட்டில் இருக்கிறதோ அதை மோனோவாகத் தேர்ந்தெடுங்கள். இப்போது கெயின், அதாவது மைக் ஒலியை இன்டர்ஃபேஸில் எவ்வளவு பெருக்குவது என்பது. பாட்டில் மிக உரக்க வரும் இடத்தை, அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தைப் பிடிக்கும் இடத்தை, முழுக் குரலில் பாடுங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தொடக்கூடாது, மைனஸ் 10 பக்கம் நிற்கட்டும். உட்கார்ந்து மெதுவாகப் பாடிக் கெயின் வைத்துவிட்டு உணர்ச்சியோடு பாடும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடம் போனதுதான், எந்தப் பிளக்-இன்னாலும் முழுமையாக மீட்க முடியாது. 24 பிட்டில் கொஞ்சம் குறைவாகப் பதிந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

கன்ட்ரோல் + ஆர். 8 ஆவர்த்தனம் பாடுங்கள். அதே இடத்தில் மூன்று முறை பதியுங்கள்.

பிறகு ஒரு சங்கதியை மட்டும் திருத்திப் பாடிப் பாருங்கள். நேர அளவை இழுத்துத் தேர்ந்தெடுத்து, ரெக்கார்ட் பொத்தானில் வலது க்ளிக் செய்து, டைம் செலக்‌ஷன் ஆட்டோ பஞ்ச் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு ஆவர்த்தனம் முன்னாலிருந்து பதிவை ஓடவிட்டால், கேட்டுக்கொண்டே வந்து அந்த இடத்தில் மட்டும் பதிவாகும். இந்தப் படிதான் சோதனையின் உயிர். நிஜமான பதிவில் ஒரு மாலையில் இதை முப்பது நாற்பது முறை செய்வீர்கள். இதில் ஒவ்வொரு முறையும் நான்கு க்ளிக் கூடுதலாகக் கேட்கும் மென்பொருள் உங்களைக் களைப்பாக்கிவிடும்.

மூன்று டேக்கிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கி ஒன்றாக்குங்கள். ரீப்பர் 7இல் லேன்களில் (டேக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் வரிசைகள்) மவுஸை இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம், லாஜிக்கிலும் இப்படியே. வெட்டுகிற இடம் மூச்சு எடுப்பதற்குச் சற்று முன்னாலோ, வல்லின எழுத்து தொடங்கும் முன்னாலோ இருக்கட்டும். கார்வையின் நடுவில் வெட்டினால் 10 மில்லி வினாடி க்ராஸ்ஃபேட் (ஒன்று மங்க மற்றொன்று எழும் இணைப்பு) போட்டாலும் காது கண்டுபிடித்துவிடும். குரலின் அசைவு அங்கே ஒடிகிறது.

ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், ஒரு ரிவர்ப் (அறையின் எதிரொலி போன்ற விளைவு) ட்ராக் தனியாக வைத்து அதற்குக் குரலை அனுப்புங்கள். இந்தப் படி எல்லா மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான், இதில் நேரம் செலவிட வேண்டாம்.

கன்ட்ரோல் + ஆல்ட் + ஆர் அழுத்தி வேவாகவும் எம்பி3யாகவும் எடுங்கள். கடைசியாக, சேவ் அஸ் கொடுத்து, மீடியாவை எல்லாம் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு நகலெடு என்ற கட்டத்தை டிக் செய்து சேமித்து, டாவை மூடி, அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் திறங்கள். 'கோப்பைக் காணோம்' என்று வந்தால், சுருதியோ ஒரு டேக்கோ வேறெங்கோ டெஸ்க்டாப்பில் கிடக்கிறது என்று பொருள். இதைச் சோதனையிலேயே பிடித்துவிட்டால், பாட்டு முடித்து லேப்டாப் மாற்றும் நாளில் திண்டாட வேண்டியிருக்காது.

எந்த மென்பொருளில் பஞ்ச்-இன்னும் டேக் பொறுக்குவதும் மெனுவைத் தேடாமல் நடந்ததோ அதை எடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கும் மென்பொருளை எடுங்கள். அஸ்தம்பட்டியில் இருக்கும் உங்கள் கிட்டார் நண்பர் கியூபேஸ் பழகியவர் என்றால், அது பெரிய காரணம்.

கமகமும் காலப்பிரமாணமும்

நம் இசைக்கு இரண்டு இடங்களில் டாக்கள் இடறும். ஒன்று பிட்ச் கரெக்‌ஷன். பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களில் அருகில் இருப்பதற்கு இழுத்து நிறுத்துவது அதன் வேலை. தோடியின் காந்தாரம் நிற்கும் ஸ்வரம் அல்ல, அசைந்துகொண்டே இருப்பது. வேகத்தைப் பூஜ்யத்தில் வைத்துக் கரெக்‌ஷன் போட்டால் அந்த அசைவு படிக்கட்டாக உடைந்து, ராகமே வேறு ஆளாகிவிடும். கர்நாடக இசைக்கும் விருத்தத்துக்கும் இதை மூடியே வையுங்கள். ஒரு கார்வை மட்டும் இறங்கியிருந்தால் அந்த ஒரு துண்டை வெட்டி எடுத்து, கையால் சில சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஏற்றுங்கள். கீபோர்டில் கமகம் வாசிப்பவர்கள் பிட்ச் பெண்டின் அளவைப் பாருங்கள். பெரும்பாலான ஒலிகளில் அது மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு என்றே வரும்.

இன்னொன்று தாளம். மிஸ்ர சாபுவை 7/8 என்றும் கண்ட சாபுவை 5/8 என்றும் வைக்கலாம், ஆனால் க்ளிக் முதல் தட்டை மட்டும் அழுத்திவிட்டு மற்றதைச் சமமாகத் தட்டும். மூன்று, இரண்டு, இரண்டு என்று அழுத்தம் விழும்படி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ரீப்பரில் முடியும். விஸ்தாரமாகப் பாடும்போது காலப்பிரமாணம் மூச்சோடு சேர்ந்து சிறிது அசையும், அதில் தவறில்லை. அப்படிப்பட்ட பாட்டைக் க்ளிக் இல்லாமல் பதிந்து, பிறகு ஒவ்வொரு ஆவர்த்தனமாகத் தேர்ந்தெடுத்து 'க்ரியேட் மெஷர் ஃப்ரம் டைம் செலக்‌ஷன்' கொடுத்தால் பார் கோடுகள் பாட்டுக்குப் பின்னால் வரும். பாட்டைக் கோடுகளுக்குள் திணிக்க வேண்டியதில்லை.

எங்கே தவறும், ஏன்

மீட்டர் அசையவே இல்லை என்றால் முதலில் விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ரைவசி, மைக்ரோஃபோன் என்னும் இடத்தில் டெஸ்க்டாப் செயலிகளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மின்சாரம் வேண்டியிருக்கும் கண்டென்சர் மைக் என்றால் இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் பொத்தான் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டு திடீரென்று சுருதி ஏறி வேகமாக ஓடினால் 44,100இல் பதிந்த கோப்பை 48,000ஆக எண்ணி ஓட்டுகிறது என்று அர்த்தம். ஏறக்குறைய ஒன்றரை ஸ்வர ஸ்தானம் ஏறும். ஐந்து கட்டைப் பாட்டு ஐந்தரையைத் தாண்டி ஆறுக்குச் சற்றுக் கீழே நிற்கும். யூடியூப் ஓடும் பிரவுசர் பின்னணியில் இன்டர்ஃபேஸின் ரேட்டை மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பதியும்போது பிரவுசரை மூடிவிடுங்கள்.

'ம்ம்ம்' என்று அடியில் ஒரு ரீங்காரம் இருந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை. சேலத்தின் கோடையில் எர்த் குழி காய்ந்துபோவது சாதாரணம். தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீஷியனை வைத்துச் சரிபாருங்கள். அதுவரை பேட்டரியில் பதியலாம். ரீங்காரம் சிணுங்கலாக, கரகரப்பாக இருந்தால் ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரோ, மங்கலாக்கும் லைட் சுவிட்சோ காரணமாக இருக்கலாம். அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் தறிச் சத்தம் சுவர் வழியாகவே வரும். ஈக்யூவில் 80 ஹெர்ட்ஸ் வெட்டினால் அதிர்வு குறையும், டக்டக் என்ற தட்டல் குறையாது. நாய்ஸ் ரிடக்‌ஷன் சீரான இரைச்சலுக்குத்தான், விட்டு விட்டு வரும் தட்டலுக்கு அல்ல. தறி நிற்கும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அப்போது பதிவதைத் தவிர வழியில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு அடுத்த வீட்டுக்கும் இதுவே. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நாட்களில் நகருக்குள் பதிவே வைக்காதீர்கள், ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும்.

ஏற்காட்டில் சங்கடம் வேறு. பனிமூட்ட நாட்களில் ஈரம் கண்டென்சர் மைக்கின் கேப்ஸ்யூலில் ஏறினால் பொரிகிற மாதிரிச் சத்தம் வரும். டாவிலோ இன்டர்ஃபேஸிலோ கோளாறு என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டாம். மைக்கை சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், பதிவுக்கு அரைமணி முன்னால் வெளியே எடுத்து 48 வோல்ட் போட்டு வையுங்கள். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு டைனமிக் மைக் நிம்மதி. இடி மின்னல் தொடங்கினால் சார்ஜர், இன்டர்ஃபேஸ், இணைய மோடம் எல்லாவற்றையும் ப்ளக்கிலிருந்து உருவிவிடுங்கள்.

நாதஸ்வரத்தை ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி மைக் வைத்துப் பதியுங்கள். தவிலில் கூடு மாட்டிய விரல்களின் அடி மிகக் கூர்மையாக எழும். மீட்டர் காட்டுவதற்கு முன்பே உச்சம் போய்விடும் என்பதால் மைனஸ் 15 பக்கமே கெயின் வையுங்கள்.

மிக்ஸுக்கு வெளியூர் அனுப்பும்போது

சென்னையில் ஒருவர் ப்ரோ டூல்ஸில் மிக்ஸ் செய்யப் போகிறார் என்பதற்காக நீங்களும் ப்ரோ டூல்ஸ் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து கடைசி வரை ஒரே நீளத்தில் தனித்தனி வேவாக எடுங்கள். ரீப்பரில் ரெண்டர் ஜன்னலில் ஸ்டெம்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். 48,000, 24 பிட். மாஸ்டரில் (எல்லா ட்ராக்கும் சேரும் கடைசி வழி) போட்ட லிமிட்டரை, அதாவது உச்சத்தை ஒரு எல்லைக்குள் நிறுத்தும் பிளக்-இன்னை, எடுத்துவிடுங்கள், குரலின் ரிவர்ப்பை அணைத்துவிடுங்கள். நீங்கள் விரும்பும் ரிவர்ப் எப்படி என்று காட்ட உங்கள் சொந்த மிக்ஸின் எம்பி3 ஒன்றைக் கூடவே வையுங்கள். கட்டை, தாளம், வேகம், எந்த மைக் எதற்கு வைத்தது என்று ஒரு சிறிய எழுத்துக் கோப்பு.

ஐந்து நிமிடப் பாட்டு, 12 ட்ராக் என்றால் 520 எம்பி வரும். ட்ரைவ் லிங்க்காக அனுப்புங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாகப் போன ட்ராக் மிக்ஸுக்கு உதவாது. அனுப்பும் முன் ஒரு காலி ப்ராஜெக்ட் திறந்து, எல்லா வேவையும் பூஜ்யத்தில் போட்டு முழுப் பாட்டையும் ஒருமுறை கேளுங்கள். மிருதங்கம் ஒரு அட்சரம் தள்ளி விழுந்தால் அந்த ஒரு ட்ராக் மட்டும் தொடக்கத்திலிருந்து எடுக்கப்படவில்லை. அதை மறுபடி எடுத்து மாற்றிவிட்டு அனுப்புங்கள்.